உயிரிப்படலமும் இயற்கைச் சேர்மங்களும்: தடுப்பது, கலைப்பது, கொல்வது

1. படலத்தின் இயல்பு

ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பிசினுக்குள் கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களின் குடியிருப்பே உயிரிப்படலம். ஆற்றுக் கல்லை வழுக்கவைக்கும் பூச்சு, தண்ணீர்க் குழாயின் உட்சுவரில் கொழகொழவென்று கையில் அகப்படும் படிவு, காலையில் பல் துலக்குமுன் நாக்கில் தட்டுப்படும் மாவு, நெடுநாள் உடலுக்குள் இருந்த கதீட்டரின் உட்புறத்தில் தெரியும் அழுக்கு வெள்ளை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. பிசினின் பெரும்பகுதி தண்ணீர். மீதி, சர்க்கரைப் பல்படிகள், புரதங்கள், செல்களிலிருந்து வெளியேறிய டி.என்.ஏ. ஆகியவற்றால் ஆனது. எந்த உயிரி, எந்தப் பரப்பு, எவ்வளவு நாள் என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும்.

மருந்துக்கும் படலத்துக்கும் உள்ள பகையை முதலில் கண்டவர் லேவன்ஹூக். தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்படிவை உருப்பெருக்கியில் பார்த்து, அதில் நெளிந்த சிற்றுயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதினார். 1684-இல் அச்சான அந்தக் கட்டுரையில், வினிகரால் பல்லைக் கொப்பளித்தபோது படிவின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே மாண்டன, உள்ளே இருந்தவை பிழைத்தன என்று குறித்திருக்கிறார். இயற்கையில் கிடைத்த ஓர் அமிலம், முதிர்ந்த ஒரு படலம், மேலோட்டமான வெற்றி: பின்னர் இத்துறையில் நடந்த பலவற்றின் அமைப்பு அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. படலம் தனி ஆய்வுப் பொருளாக நிலைபெற இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனடாவின் வில்லியம் காஸ்டர்டன் 1978-இல் வெளியிட்ட கட்டுரையும், 1999-இல் பிலிப் ஸ்டீவர்ட், பீட்டர் கிரீன்பெர்க் ஆகியோருடன் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையும், தீராத தொற்றுகள் பலவற்றுக்குப் படலமே காரணம் என்ற கருத்தை மருத்துவ உலகில் ஊன்றின.

படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா, தனித்து மிதக்கும் அதே பாக்டீரியாவைவிட 10 முதல் 1000 மடங்கு வரை அதிக ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதைப் பிசின் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது. பல மருந்துகள் படலத்தின் அடிவரை ஊடுருவுகின்றன. ஆனால் அடியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு. அங்குள்ள செல்கள் வளர்வதை ஏறக்குறைய நிறுத்தியிருக்கும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் வளரும் செல்லின் வேலையைக் குலைத்தே கொல்பவை என்பதால், வளராத செல்லிடம் அவற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. 1944-இல் ஜோசப் பிகர், பெனிசிலினில் ஊறிய ஸ்டஃபிலோகாக்கஸ் திரளில் ஒரு சிறு பங்கு எப்போதும் உயிர்பிழைப்பதைக் கண்டார். மரபணு மாறாமல், தூங்கியே தப்பிக்கும் இந்தச் செல்கள் மருந்து விலகியதும் விழித்துப் படலத்தை மீண்டும் எழுப்புகின்றன.

2. கேள்வி

தாவரம், தேன், கடற்பாசி, பூஞ்சை, மனித உடலின் சுரப்புகள் என எண்ணற்ற மூலங்களிலிருந்து ‘படல எதிர்ப்பு’ கொண்ட சேர்மங்கள் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகின்றன. ஆயினும் மருத்துவமனை அலமாரிக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. இந்த இடைவெளிக்குக் காரணம் சேர்மங்களின் பலவீனமா, சோதிக்கும் முறையின் கோளாறா?

விடை தேடுமுன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ‘படல எதிர்ப்பு’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட செயல்கள் புழங்குகின்றன. படலம் உருவாகாமல் தடுப்பது ஒன்று. உருவான படலத்தின் பிசினைக் கலைத்துச் செல்களை அவிழ்த்துவிடுவது இன்னொன்று. படலத்துக்குள் இருக்கும் செல்களை அங்கேயே கொல்வது மூன்றாவது. முதல் செயலைச் செய்யும் பொருள் மற்ற இரண்டையும் செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நோயாளி மருத்துவரிடம் வரும்போது படலம் ஏற்கெனவே முதிர்ந்திருக்கும். ஆய்வகத்தில் வெற்றி பெறும் பெரும்பாலான இயற்கைச் சேர்மங்களோ முதல் செயலில் மட்டுமே வெற்றி பெற்றவை. இக்கட்டுரையின் வாதம் இதைச் சுற்றியே அமைகிறது.

3. ஒட்டவிடாமல் தடுத்தல்

கிரான்பெர்ரிப் பழத்தில் ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின் என்னும் டானின்கள் உள்ளன. ஈ.கோலை பாக்டீரியா தன் உடலிலிருந்து நீளும் நுண்ணிழைகளால் சிறுநீர்ப்பாதைச் செல்களைப் பற்றிக்கொள்வதை இவை தடுக்கின்றன. பாக்டீரியா சாவதில்லை; பிடிப்பை இழந்து சிறுநீருடன் வெளியேறுகிறது. இச்செயல்முறை தெளிவாகத் தெரிந்திருந்தும் மருத்துவச் சான்று நெடுங்காலம் ஊசலாடியது. 2012-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, கிரான்பெர்ரியால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றது. கூடுதல் சோதனைகளைச் சேர்த்து 2023-இல் திருத்தப்பட்ட அதே ஆய்வு, அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு உள்ளாகும் பெண்களிடமும் குழந்தைகளிடமும் தொற்று திரும்ப வருவது குறைகிறது என்று முடிவுகட்டியது. இந்தப் பயன் தடுப்பைச் சார்ந்ததே. ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றைக் கிரான்பெர்ரி தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை.

மனித உடலும் இதே உத்தியைக் கையாள்கிறது. கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் உள்ள லாக்டோஃபெரின் புரதம் இரும்பைக் கவர்ந்துகொள்கிறது. இரும்பு கிடைக்காத சூடோமோனாஸ் பாக்டீரியா ஓரிடத்தில் குடியேறாமல் பரப்பின்மேல் அலைந்துகொண்டே இருக்கும் என்று 2002-இல் காட்டப்பட்டது. தோலிலும் மூச்சுப்பாதையிலும் சுரக்கும் எல்எல்-37 என்னும் பெப்டைடு, பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான செறிவில் நூறில் ஒரு பங்குக்கு அருகிலேயே படலம் எழாமல் தடுக்கிறது. கொல்லாமலே தடுக்க முடியும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள். தடுக்க வேண்டிய நேரம் முதல் சில மணி நேரமே என்பதையும் இவை சேர்த்தே சொல்கின்றன.

4. உரையாடலைக் குலைத்தல்

பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளை வெளியிட்டு, சுற்றுப்புறத்தில் அவற்றின் செறிவை உணர்ந்து, தம் எண்ணிக்கை போதுமான அளவு பெருகிவிட்டதா என்பதை அறிகின்றன. இதைக் குழு உணர்தல் என்பர். இந்தச் சமிக்ஞையை இழந்த சூடோமோனாஸ் தட்டையான, எளிதில் கலையும் படலத்தையே கட்டுகிறது என்பதை 1998-இல் டேவிட் டேவிஸ் குழுவினர் காட்டியதும், அந்த உரையாடலைக் குலைக்கும் பொருள்களைத் தேடும் பெருவேட்டை தொடங்கியது.

அந்த வேட்டைக்கு வழிகாட்டியது ஆஸ்திரேலியக் கடலோரத்துச் சிவப்புப் பாசி ஒன்று. டெலிசியா புல்க்ரா என்னும் அதன் இலைமேற்பரப்பில், பக்கத்துப் பாசிகளில் மண்டிக்கிடக்கும் ஒட்டுயிர்கள் காணப்படுவதில்லை. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டஃபன் ஷெல்லபெர்க், பீட்டர் ஸ்டெயின்பெர்க் ஆகியோரின் குழு இதன் காரணத்தைத் தேடியது. பாசி தன் மேற்பரப்பில் புரோமின் ஏற்றிய ஃபியூரனோன்களை வைத்திருந்தது. பாக்டீரியாவின் சமிக்ஞை மூலக்கூறை ஒத்த வடிவம் கொண்ட இவை, அதைப் பெறும் ஏற்பிப் புரதத்தை நிலைகுலைத்து விரைவில் சிதையவைக்கின்றன. இதன் செயற்கை வடிவங்கள் எலிகளின் நுரையீரலிலிருந்து சூடோமோனாஸ் வெளியேற உதவின.

ஆனால் அவை மருந்தாகவில்லை. ஃபியூரனோன்கள் வேதி வினைத்திறன் மிக்கவை, மனித செல்லையும் தாக்கக்கூடியவை. உயிரியல் நோக்கில் இன்னும் ஆழமான இரு தடைகள் உண்டு. கொல்லாத மருந்துக்கு எதிர்ப்பு உருவாகாது என்ற நம்பிக்கையே இத்திட்டத்தின் கவர்ச்சியாக இருந்தது. 2012-இல் வெளியான ஆய்வில், ஃபியூரனோனை வெளியே இறைத்துத் தள்ளும் சூடோமோனாஸ் வகைகள் ஆய்வகத்தில் மட்டுமன்றி நோயாளிகளிடமிருந்து பெற்றவற்றிலும் காணப்பட்டன. இரண்டாவது தடை இன்னும் கனமானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுவழி நோய் உள்ளவர்களின் நுரையீரலில் ஆண்டுக்கணக்காகத் தங்கும் சூடோமோனாஸ், குழு உணர்தலின் தலைமை மரபணுவைத் தானாகவே இழந்துவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. உரையாடலையே கைவிட்டு வாழப் பழகிய கூட்டத்திடம் உரையாடலைக் குலைக்கும் மருந்து என்ன செய்ய முடியும்? முதிர்ந்த தொற்றுக்கு இவ்வழி பயன்படும் என்ற வாதம் இங்கே பெரிதும் வலுவிழக்கிறது.

பூண்டின் கதையும் இதற்கு இணையானது. பூண்டைக் கசக்கும்போது உருவாகும் அல்லிசின் எண்ணெயில் மெல்ல மாறி அஜோயீன் தோன்றுகிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த அஜோயீனே பூண்டுச் சாற்றின் குழு உணர்தல் தடைக்குக் காரணம் என்று 2012-இல் நிறுவினர். பாக்டீரியாவின் ஒழுங்குமுறை ஆர்.என்.ஏ.க்களை அது அடக்குவதாகப் பின்னர் கண்டனர். எலிகளில் முடிவுகள் நம்பிக்கை தந்தன. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்குப் பூண்டெண்ணெய் மாத்திரையும் ஒப்பீட்டுக்கு ஆலிவ் எண்ணெய் மாத்திரையும் கொடுத்து நடந்த சிறு சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் இதைப் பூண்டின் தோல்வியாகக் கொள்ள முடியாது. எலிக்குக் கிடைத்த செறிவு மனித நுரையீரலின் சளிக்குள் கிடைத்ததா என்பதே இங்கு எழும் நியாயமான ஐயம்.

5. பிசினைக் கலைத்தல்

பிசினையே அறுத்துவிட்டால் செல்கள் மருந்தின் முன் நிராயுதபாணிகளாக நிற்கும் என்பது எளிய தர்க்கம். பல்லீறு நோயில் காணப்படும் ஒரு பாக்டீரியா, தான் இடம்பெயரும் தேவைக்காக டிஸ்பெர்சின் பி என்னும் நொதியைச் சுரக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் படலத்தின் சர்க்கரைப் பல்படியை அது துண்டாக்குகிறது. பச்சைத் தேயிலையின் முக்கியப் பாலிபீனாலான ஈ.ஜி.சி.ஜி., ஈ.கோலையின் படலத்துக்கு எலும்பாக அமையும் புரத இழைகள் கோக்கப்படுவதைக் குலைக்கிறது.

இவ்வழியில் முதல் சிக்கல் வயது. பிசினில் உள்ள டி.என்.ஏ.வை அறுக்கும் நொதி, சூடோமோனாஸின் இளம் படலங்களைக் கரைத்ததையும் சில நாள் முதிர்ந்தவற்றைப் பெரிதாக அசைக்காததையும் 2002-இலேயே சிந்தியா விட்சர்ச் குழு பதிவு செய்தது. இரண்டாவது சிக்கல் ஆபத்தானது. அவிழ்த்துவிடப்பட்ட செல்கள் எங்கே போகும்? எலியின் புண்ணில் இருந்த படலத்தை நொதிகளால் கலைத்தபோது பாக்டீரியா இரத்தத்தில் பரவிய நிகழ்வுகள் 2018-இல் வெளியிடப்பட்டன. கலைக்கும் பொருளைத் தனியே தரக்கூடாது, கொல்லும் பொருளோடு சேர்த்தே தர வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் நேரடியான முடிவு. ‘படலம் 80 விழுக்காடு கலைந்தது’ என்று மட்டும் முடிவுரைக்கும் ஆய்வுகள் இந்தக் கேள்வியைத் தொடாமலே நின்றுவிடுகின்றன.

6. சவ்வைத் தாக்கிக் கொல்லுதல்

ஓமத்தில் உள்ள தைமால், கற்பூரவல்லியில் உள்ள கார்வக்ரால், கிராம்பில் உள்ள யூஜினால் ஆகியவை கொழுப்பில் கரையும் சிறு பீனால்கள். பாக்டீரியாவின் செல்சவ்வுக்குள் புகுந்து அதை ஒழுகவைக்கின்றன. செல் வளர்கிறதா தூங்குகிறதா என்பது இத்தாக்குதலுக்குப் பெரிய பொருட்டல்ல. சவ்வு எல்லாச் செல்லுக்கும் உண்டு. படலத்தின் அடியில் உறங்கும் செல்களுக்கு எதிராக இவ்வகைச் சேர்மங்களுக்குக் கொள்கையளவில் உள்ள மேன்மை இது. அதே காரணத்தால் மனித செல்லின் சவ்வும் அவற்றுக்கு விலக்கல்ல. ஆகவே நரம்பு வழியே ஏற்றும் மருந்தாக இவை ஆகவில்லை. வாயிலும் தோலிலும் பயன்படுகின்றன.

அந்த எல்லைக்குள் இவற்றின் சாதனை உறுதியானது. தைமால், மெந்தால், யூகலிப்டால், மெதில் சாலிசிலேட் ஆகிய நான்கையும் ஆல்கஹாலில் கரைத்து ஆக்கிய வாய்கொப்பளிப்பான் 1879-இல் லிஸ்டரின் என்ற பெயரில் வந்தது. ஆறு மாதம் நீண்ட சோதனைகளில், ஆல்கஹால் கரைசலை மட்டும் பயன்படுத்தியவர்களைவிட இதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பல்படலமும் ஈறு அழற்சியும் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே கரைப்பானைக் கொடுத்தது முக்கியமான நுணுக்கம். பயன் ஆல்கஹாலால் வந்ததா, சேர்மங்களால் வந்ததா என்ற குழப்பம் அதனால் நீங்கியது. பல் துலக்கிப் படலத்தை இளமையிலேயே வைத்திருக்கும் பழக்கத்தோடு சேர்ந்தே இந்தப் பயன் கிடைக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

தேன் இன்னொரு வகை. அதன் சர்க்கரைச் செறிவு தண்ணீரை உறிஞ்சுகிறது. அமிலத்தன்மை வளர்ச்சியை அடக்குகிறது. தேனீயின் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. நியூசிலாந்தின் மானுகாத் தேனில் இவற்றோடு மெதில்கிளையாக்சால் அதிகம் உண்டு என்பதை ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2008-இல் நிறுவினர். புண்ணில் நேரடியாகத் தடவப்படுவதால், ஆய்வகத்தில் தேவைப்படும் மிகுந்த செறிவு இங்கே உண்மையிலேயே கிடைக்கிறது. ஆயினும் 2015-இன் காக்ரேன் ஆய்வு, தோலின் முழு ஆழத்தையும் எட்டாத தீக்காயங்கள் தேனால் விரைவில் ஆறுகின்றன என்பதை ஏற்றுக்கொண்டு, மற்றப் பல வகைப் புண்களுக்குச் சான்று போதாது என்றது. படலம் மிகுந்த நாள்பட்ட கால்புண்கள் அந்த இரண்டாம் பட்டியலில்தான் இருக்கின்றன.

7. பூஞ்சைப் படலம்

கேண்டிடா அல்பிகன்ஸ், உருண்டைச் செல்லாக ஒட்டி, பின் நீண்ட இழைகளாக வளர்ந்து, கதீட்டரிலும் செயற்கைப் பல்தட்டிலும் தடித்த படலம் கட்டுகிறது. அதன் பிசினில் உள்ள பீட்டா-1,3-குளூக்கான், ஃபுளூகோனசோல் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மருந்து செல்லைச் சென்றடைவதில்லை.

கேண்டிடா தானே சுரக்கும் ஃபார்னெசால், இழை வளர்வதைத் தடுக்கிறது என்று 2001-இல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டே அது படலத்தையும் தடுப்பதாகத் தெரியவந்தது. பூஞ்சையின் சொந்தச் சமிக்ஞையே மருந்தாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் எலிகளுக்கு ஃபார்னெசால் கொடுத்துக் கேண்டிடாத் தொற்றை உண்டாக்கியபோது நோய் குறையவில்லை, கூடியது. விருந்தோம்பியின் உடலில் அதே மூலக்கூறுக்கு வேறு வேலைகளும் உண்டு என்பதைத் தட்டுச் சோதனை காட்டியிருக்க வழியில்லை.

வெற்றி வேறு திசையிலிருந்து வந்தது. ஸ்பெயினின் லோசோயாப் பள்ளத்தாக்கில் நீர் மாதிரியிலிருந்து பிரித்த கிளாரியா லோசோயென்சிஸ் என்னும் பூஞ்சை, நியூமோகாண்டின் என்ற சேர்மத்தைத் தந்தது. வேதியியலாளர்கள் அதை மாற்றியமைத்து உருவாக்கிய காஸ்போஃபஞ்சின் 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது தடுப்பது பீட்டா-1,3-குளூக்கானை உருவாக்கும் நொதியை. கேண்டிடாவின் செல்சுவருக்கும் படலத்தின் பிசினுக்கும் ஒரே மூலப்பொருள் என்பதால் ஒரே அடியில் இரண்டும் சேதமாகின்றன. 2002-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஃபுளூகோனசோல் தோற்ற கேண்டிடாப் படலங்களை, காஸ்போஃபஞ்சின் அடங்கிய மருந்து வகையான எக்கினோகாண்டின்களும் கொழுப்பில் பொதிந்த ஆம்ஃபோடெரிசின் பி-யும் அடக்கின. ஆம்ஃபோடெரிசினும் மண் பாக்டீரியா ஒன்றின் விளைபொருளே. இயற்கைச் சேர்மங்கள் படலத்தின் முன் பயனற்றவை என்ற பொதுக்கூற்றுக்கு இவ்விரண்டும் போதிய மறுப்பு.

8. சான்றின் தரம்

மேற்கண்ட வெற்றிகளையும் தோல்விகளையும் பிரித்த கோடு, சேர்மம் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதில் பெரும்பங்கு இருக்கிறது.

பெரும்பாலான ஆய்வுகளின் அடித்தளம் 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழியில் பாக்டீரியாவையும் சேர்மத்தையும் ஒன்றாக ஊற்றி, ஒரு நாள் கழித்து, மிதப்பவற்றைக் கொட்டிக் கழுவி, ஒட்டியிருப்பதைக் கிரிஸ்டல் வயலட் சாயத்தால் ஊதாவாக்கி, நிறத்தின் அடர்த்தியை அளக்கின்றனர். மலிவான, விரைவான, திரும்பச் செய்யக்கூடிய முறை; அதன் வரம்புகளும் அதே அளவு தெளிவானவை. சாயம் உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும் பிசினையும் ஒன்றுபோல் பிடிக்கிறது. சேர்மத்தைத் தொடக்கத்திலேயே ஊற்றுவதால், அது வளர்ச்சியைச் சற்றே குறைத்தாலும் படலம் குறைந்ததாகத் தெரியும். அசையாத தண்ணீரும் ஊட்டம் மிகுந்த ஊடகமும் சிறுநீர்ப்பைக்கோ புண்ணுக்கோ ஒப்பானவை அல்ல. 1999-இல் கல்கரியில் உருவான கருவி, முதலில் படலத்தை வளர்த்து, பிறகு மருந்துக்கு உட்படுத்தி, அதை ஒழிக்கத் தேவையான செறிவை அளக்க வழிசெய்தது. அந்த அளவைத் தராத ஆய்வைச் சிகிச்சைக்குரிய சான்றாக ஏற்பதற்கு இடமில்லை.

தாவரச் சேர்மங்களுக்கே உரிய பொறிகளும் உண்டு. பாலிபீனால்கள், செல்லின் உயிர்ப்பை அளக்கும் டெட்ரசோலியச் சாயத்தைச் செல்லின் துணையின்றித் தாமே நிறம் மாற்றிவிடும். டானின்கள் எதிர்ப்படும் புரதத்தையெல்லாம் பற்றும். மஞ்சளின் குர்குமின் தானே ஒளிர்வதால் ஒளிர்வை நம்பும் அளவீடுகளைக் குழப்பும். உடலின் அமில-காரத்தன்மையில் நிலைக்காது. குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே சேரும். 2017-இல் அமெரிக்க மருத்துவ வேதியியல் இதழில் வந்த விரிவான மதிப்பாய்வு குர்குமினின் இந்தச் சிக்கல்களைத் தொகுத்துக் காட்டியது. மஞ்சள் மீதுள்ள மதிப்பு இந்தக் குறைகளைக் கண்டுகொள்ளாமல் விடக் காரணமாகக் கூடாது. நீல ஒளி பட்டால் குர்குமின் நுண்ணுயிர்களைக் கொல்லும் வினைப்பொருள்களை உருவாக்குவது உண்மை. பல் மருத்துவத்தில் ஆராயப்படும் அந்த வழி, விழுங்கும் மாத்திரையைவிட நம்பிக்கை தருகிறது.

செறிவு குறைந்தால் விளைவு தலைகீழாகவும் ஆகலாம். கொல்லாத அளவு டோப்ராமைசின் சூடோமோனாஸைப் படலம் கட்டத் தூண்டுவதை 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. டோப்ராமைசினும் மண் பாக்டீரியா தந்த இயற்கைச் சேர்மமே.

தமிழகத்தில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறை இத்துறையில் தொடர்ந்து உழைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாப் பவளங்களில் வாழும் பாக்டீரியாக்களின் சாறு, தொண்டைத் தொற்றுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸின் படலத்தைத் தடுப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்டனர். கடலிலிருந்து புதிய மூலங்களைக் கண்டறிவதில் இதன் மதிப்பு பெரிது. சாற்றிலிருந்து தனிச் சேர்மத்துக்கும், இளம் படலத்திலிருந்து முதிர்ந்த படலத்துக்கும் செல்லும் வேலை அடுத்த கட்டம்.

9. தனிச் சேர்மமா, கூட்டா

ஒற்றை மூலக்கூறைப் பிரித்தெடுத்து அதற்கே செயலைக் கற்பிப்பது மருந்தியலின் வழக்கம். படல விஷயத்தில் அந்த வழக்கம் சில சமயம் தவறான இடத்தில் தேடவைக்கிறது. பெர்பெரின் என்னும் மஞ்சள் நிறச் சேர்மத்தை ஸ்டஃபிலோகாக்கஸ் தன் சவ்விலுள்ள இறைப்பானால் வெளியே தள்ளிவிடும். பெர்பெரிஸ் செடிகளே அந்த இறைப்பானை அடைக்கும் இன்னொரு சேர்மத்தையும் உருவாக்குகின்றன என்பதையும், அந்த இரண்டாவது சேர்மத்துக்குத் தனியே எந்தக் கொல்லும் திறனும் இல்லை என்பதையும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினர். தனித்தனியே சோதித்திருந்தால் இரண்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும்.

இதைவிடத் துலக்கமான சான்று இங்கிலாந்தின் பத்தாம் நூற்றாண்டு மருத்துவச் சுவடியான ‘பால்டின் லீச்புக்’ தருகிறது. பூண்டு, வெங்காய இனத்தைச் சேர்ந்த இன்னொரு தாவரம், ஒயின், மாட்டின் பித்தம் ஆகியவற்றைக் கலந்து ஒன்பது இரவு வைத்திருந்து கண்கட்டிக்குப் பூசச் சொல்கிறது அந்தக் குறிப்பு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில அறிஞர் கிறிஸ்டினா லீயும் நுண்ணுயிரியலாளர் ஃப்ரேயா ஹாரிசனும் அவர்களது குழுவினரும் அதை அப்படியே செய்து பார்த்து, ஸ்டஃபிலோகாக்கஸைக் கொல்வதாக 2015-இல் வெளியிட்டனர். தொடர்ந்து 2020-இல் வந்த ஆய்வில், மிதக்கும் பாக்டீரியா சாவதைப் பூண்டின் அல்லிசின் ஒன்றே பெருமளவு விளக்கியது. படலத்துக்குள் இருந்தவை சாவதை அல்லிசினால் விளக்க முடியவில்லை. நான்கு பொருள்களும் சேர்ந்திருந்தால் மட்டுமே படலத்தின் மேல் முழு வீச்சு கிடைத்தது. ஒரு பொருளை விலக்கினாலும் வீச்சு சரிந்தது. மிதக்கும் செல்லைக் கொண்டு அளந்த மருந்துக்கும் படலத்தைக் கொண்டு அளந்த மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் அரிது.

சாறாகக் கிடைக்கும் எல்லாமே கூட்டாற்றல் கொண்டவை என்று இதிலிருந்து கொள்ளக்கூடாது. கூட்டைச் சோதிக்கும் ஆய்வு, ஒவ்வொரு பொருளையும் விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். தொகுதிக்குத் தொகுதி சாற்றின் சேர்மானம் மாறாமல் காத்திருக்க வேண்டும். விளைநிலம், பருவம், சாறெடுக்கும் முறை எல்லாம் அந்தச் சேர்மானத்தை மாற்றும். நச்சுத்தன்மையும் தனியே அளக்கப்பட வேண்டும். கற்பாசிகளில் உள்ள உஸ்னிக் அமிலம், பாலிமர்ப் பரப்பில் ஏற்றப்பட்டபோது ஸ்டஃபிலோகாக்கஸ் படலத்தைத் தடுத்தது. அதே அமிலம் எடை குறைப்பு மாத்திரைகளில் விழுங்கப்பட்டபோது கல்லீரலைச் சிதைத்தது. சாதனத்தின் மேல் பூச்சாக நிற்கும்போது அதன் இடம் வேறு, இரத்தத்தில் சுழலும்போது வேறு. கதீட்டர் வழியே கேண்டிடா இரத்தத்தில் கலந்த நோயாளிக்கு இன்று முதலில் தரப்படுவது எக்கினோகாண்டின். கூடவே, இயலுமானால் அந்தக் கதீட்டரை உடனே அகற்றும்படியும் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.